இரண்டு முடிச்சும் மூன்றாம் நாளும்

1

சென்ற வியாழக்கிழமை எனக்கு நான்காம் ஆண்டு நிறைவு. கல்யாண நாள் இல்லை, காய்ச்சல் நாள். நான்கு வருடத்துக்கு முன் இதே வாரத்தில்தான் இங்கிலாந்தில், லீட்ஸ் நகரத்து வீட்டில், மாடி அறையில், காய்ச்சலோடு படுத்தேன். ஒரு வாரத்தில் காய்ச்சல் போய்விட்டது. போகும்போது என் தெம்பையும் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டது. இன்னும் திருப்பி அனுப்பவில்லை.

என் கணவர் குமார் சின்னதாக ஒரு கேக் வாங்கி வந்தார். "நாலு வருஷம் தாக்குப் பிடிச்சிட்ட, சாப்பிடு" என்றார். மெழுகுவர்த்தியை ஊதுவதற்கு நான் குனிந்தேன். பதினைந்து வயது மகள் மீரா அதற்குள் ஊதி அணைத்துவிட்டாள். என் மூச்சு மிச்சமாம்.

அன்றைக்கே தபாலில் ஒரு விண்ணப்பமும் வந்தது. வீட்டு உதவிக்கும் கார் நிறுத்தும் சலுகைக்கும் வருடா வருடம் நிரப்பவேண்டிய இருபத்தெட்டுப் பக்கம். படி ஏற முடியுமா, சட்டைப் பித்தான் போட முடியுமா, முடிச்சுப் போட முடியுமா என்று வரிசையாகக் கேள்விகள். எதிரே 'ஆம்', 'இல்லை' என்று இரண்டு கட்டம். முடிச்சு என்ற வார்த்தையைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இந்தத் தை மாதம் ஆரணியில் நான் போட்ட முடிச்சு அந்தக் கட்டத்துக்குள் அடங்காது. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

2

முதலில் நோயைச் சொல்லிவிடுகிறேன். நாள்பட்ட சோர்வு நோய் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பெயரைக் கேட்டால் ஞாயிற்றுக்கிழமை பிரியாணிக்குப் பிறகு எல்லாருக்கும் வருவது போலத் தோன்றும். "எனக்குந்தான் சோர்வா இருக்குது" என்று ஊரிலிருந்து போனில் பேசுகிறவர்கள் எல்லாம் சொல்வார்கள். நானும் "ஆமாமா" என்பேன். மறுத்துப் பேசினால் அதற்கும் தெம்பு வேண்டுமே.

இதில் ஒரு விசித்திரம். அளவுக்கு மேல் எதையாவது செய்தால் அன்றைக்கு ஒன்றும் ஆகாது. மறுநாளும் ஒருமாதிரி ஓடிவிடும். மூன்றாம் நாள் காலையில் கண்ணைத் திறந்தால் கை கால் என்னுடையதாக இருக்காது. வெளிச்சம் குத்தும், தொண்டை வலிக்கும், தலையணையைப் புரட்டுவதே பெரிய வேலையாகிவிடும். அப்படியே நாலு நாள், ஒரு வாரம், சில சமயம் ஒரு மாதம்.

அளவுக்கு மேல் என்றால் மலை ஏறுவது என்று நினைத்துவிடாதீர்கள். தலைக்குக் குளித்து, அதே நாளில் தலையும் வாரிக்கொள்வது. அடுப்படியில் நின்று ஆறாவது தோசையைத் திருப்புவது. ஐந்து வரைக்கும் பரவாயில்லை. இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசுவதைக் கேட்பது. வெள்ளை விளக்குப் போட்ட பெரிய கடையில் எந்தப் பருப்பு என்று தேடுவது. மீராவோடு கணக்குப் பாடத்துக்காகச் சண்டை போடுவது. சண்டை போட்டுச் சமாதானமாவது இன்னும் மோசம், அழுகையும் சேர்ந்துகொள்ளும். ஊரிலிருந்து வரும் போனை நின்றுகொண்டே பேசுவது. எல்லாவற்றையும் விடப் பெரியது சந்தோஷம். துக்கத்துக்கு உட்கார்ந்துகொள்ளலாம், சந்தோஷம் வந்தால் எழுந்து நிற்கத் தோன்றுகிறது.

தெம்பு தீரும்போது என்னைவிட்டு முதலில் கிளம்புவது இங்கிலீஷ். ஒருமுறை கடையில் பணம் வாங்கும் பெண்ணிடம், "பை வேணாம்மா, இருக்குது" என்று சுத்தமான ஆரணித் தமிழில் சொன்னேன். அந்த வெள்ளைக்காரப் பெண் தலையாட்டிவிட்டுப் பை தராமல் விட்டாள். பக்கத்தில் நின்ற மீரா, யாரோ தெரியாத அம்மாள் என்பது போல நான்கடி தள்ளிப் போனாள். அந்த நான்கடி எனக்கு நோயைவிட வலித்தது. பிள்ளைகள் தூரமாகப் போவதைப் பெரிய பெரிய வார்த்தையில் எழுதுகிறார்கள். எனக்குத் தெரிந்த தூரம் நான்கடிதான்.

3

போன ஐப்பசியில் தம்பி சேகருக்குக் கல்யாணம் நிச்சயமானது. அவனுக்கு முப்பத்தொன்பது வயது. ஆரணியில் பட்டுச் சேலைகளுக்குக் கம்ப்யூட்டரில் டிசைன் போடுகிறான். ஊரில் பாதிக் கல்யாணச் சேலைக்கு மயிலும் மாங்காயும் அவன் போட்டது. அவனுக்குத்தான் பெண் அமையவில்லை. ஆசை இருக்கு தாசில் பண்ண, அதிர்ஷ்டம் இருக்கு கழுதை மேய்க்க என்று அவனே சொல்லிக்கொண்டு திரிந்தான். கடைசியில் வந்தவாசியில் ஆசிரியை வேலை பார்க்கும் செல்வி கிடைத்தாள்.

அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போன பிறகு அவனுக்கு நான், எனக்கு அவன். எங்கள் பக்கம் தாலியில் முதல் முடிச்சுதான் மாப்பிள்ளை போடுவது. மற்ற இரண்டும் மாப்பிள்ளையின் அக்காவோ தங்கையோ போடவேண்டும். கூடப் பிறந்தவள் இல்லாவிட்டால் ஒன்றுவிட்ட, இரண்டுவிட்ட யாராவது போடலாம், தப்பில்லை. அதைத்தான் சேகரிடம் சொன்னேன்.

"யாராவது போடலாம்தான்க்கா. யாராவதுன்னா நான் எதுக்கு முப்பத்தொம்பது வயசு வரைக்கும் இருந்தேன்?"

"வந்து படுத்துட்டேன்னா?"

"படுத்தா எழுப்ப மாட்டேன். ஆனா வா."

அவன் அப்படிச் சொன்ன பிறகு எனக்கு வேறு நினைப்பே ஓடவில்லை. கல்யாணம் முழுக்க வேண்டாம், விருந்து வேண்டாம், வரவேற்பு வேண்டாம். அந்த இரண்டு முடிச்சுக்கு மேடையில் நிற்கவேண்டும், அவ்வளவுதான். குமாருக்கு விடுமுறை கிடைக்கவில்லை. மீரா என்னோடு வரச் சம்மதித்தாள். சம்மதித்தாள் என்றால் தோளைக் குலுக்கினாள்.

4

சென்னையில் இறங்கி இரண்டு நாள் படுத்துக் கிடந்துவிட்டு, கல்யாணத்துக்குப் பதின்மூன்று நாள் முன்னால் ஒரு திங்கட்கிழமை காலையில் ஆரணி போய்ச் சேர்ந்தேன். மிச்சமிருக்கும் நாளெல்லாம் அறையில் படுத்து ஓய்வெடுப்பது என்று திட்டம். திட்டம் போட்டவள் லீட்ஸில் இருந்து போட்டுவிட்டாள்.

நம் ஊரில் உடம்பு சரியில்லாதவரைப் பார்க்கப் போகாமல் இருக்க முடியாது. போகாவிட்டால் காலம் பூராவும் பேச்சு நிற்கும். அதிலும் நான் நான்கு வருடமாகப் படுத்திருப்பவள், வெளிநாட்டிலிருந்து வந்திருப்பவள். தெருவே பாக்கி வைத்திருந்தது. ஒன்பது மணிக்கு எதிர்வீட்டு அம்சாக்கா முதல் ஆளாக வந்தார். அம்மாவோடு எங்கள் வீட்டுத் தறியில் வேலை செய்தவர். தறியில் நீளவாக்கில் ஓடும் பழைய பாவு தீரும்போது, அதன் ஒவ்வொரு இழையோடும் புதுப் பாவின் இழையை விரலால் முறுக்கி இணைக்கவேண்டும். ஆயிரக்கணக்கான இழை. அம்சாக்கா இணைத்த இழை அறுந்து யாரும் பார்த்ததில்லை.

"நல்லாத்தானே கீற கண்ணு. நான் இன்னாவோ ஏதோன்னு பயந்துகினு இருந்தேன்" என்று கன்னத்தைத் தடவினார்.

உண்மையில் அன்றைக்கு நன்றாகத்தான் இருந்தேன். அதுதான் இந்த நோயின் குறும்பு. அம்சாக்காவுக்குப் பின்னால் ஹார்லிக்ஸ் பாட்டிலும் ஆப்பிளும் கையுமாக ஒவ்வொருவராக வந்தார்கள். படுத்துக்கொண்டு பேசினால் மரியாதையில்லை என்று எழுந்து உட்கார்ந்தேன். காபி கொடுக்கச் சொல்லி உள்ளே குரல் கொடுத்தேன். ஆறு பேருக்கு ஒரே கதையை ஆறு விதமாகச் சொன்னேன். சிரித்தேன், பழங்கதை பேசினேன், இரண்டு இடத்தில் அழுதேன். சாயங்காலம் வரைக்கும் முப்பத்திரண்டு பேர் என்று மீரா எண்ணி வைத்திருந்தாள். அவளுக்கு அது ஒரு விளையாட்டு.

செவ்வாய் ஓடியது. புதன் காலையில் விழுந்தேன். எழுந்திருக்க முடியவில்லை, பேசவும் வரவில்லை. கண்ணில் ஈரத் துண்டைப் போட்டுக்கொண்டு சுவர்ப் பக்கமாகப் படுத்திருந்தேன். கல்யாணத்துக்குப் பதினோரு நாள் இருந்தது.

5

விசாலம் சித்தி அம்மாவின் தங்கை. கல்யாண வேலை முழுவதையும் தலையில் போட்டுக்கொண்டு ஓடுகிறவர். என்னை வந்து பார்த்தார், இடுப்பில் கை வைத்துக்கொண்டு ஒரே நிமிடத்தில் நோயைக் கண்டுபிடித்துவிட்டார்.

"கண்ணுதான். வேற ஒண்ணுமில்ல. திங்கக்கெழம ராணி மாதிரி உக்காந்து சிரிச்சிகினு இருந்தா. எல்லாரும் பாத்தாங்க, பட்டுச்சு. கல்லடி பட்டாலும் கண்ணடி படக் கூடாதுன்னு சும்மாவா சொன்னாங்க?"

காய்ந்த மிளகாயும் உப்பும் எடுத்து என்னை மூன்று சுற்றுச் சுற்றி அடுப்பில் போட்டார். "கமறவே இல்ல பாரு, எவ்ளோ கண்ணு" என்றார். எனக்கு மூக்கு, தொண்டை, நெஞ்சு எல்லாம் எரிந்தது. சொல்லத் தெம்பில்லாததால் சித்தியின் ஆராய்ச்சி அப்படியே நிரூபணமானது.

படுத்துக்கொண்டே யோசித்தேன். நான்கு வருடமாக எத்தனை பேருக்கு விளக்கியிருப்பேன். "அன்றைக்கு நன்றாக இருந்தாயே" என்றுதான் எல்லாரும் மடக்குவார்கள். சித்தி மடக்கவில்லை. நாலு பேர் முன்னால் சிரித்தால், நின்றால், பேசினால், இரண்டு நாள் கழித்து விழுவேன் என்பதைச் சித்தி நான் சொல்லாமலே ஒத்துக்கொண்டுவிட்டார். காரணம்தான் வேறு. வைத்தியம் நான் கேட்டதேதான்.

"இனி ஒருத்தர் கண்ணுலயும் அவ படக் கூடாது. முகூர்த்தம் வரைக்கும் கதவ சாத்து. மீரா, வாசல்ல நீ குந்திக்கோ."

கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தது. மீராவும் போனோடு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டாள். ஹார்லிக்ஸோடு வருகிறவர்களிடம் அவள் தமிழில் சொல்வது உள்ளே கேட்கும். "அம்மா தூங்குது. பாத்தா கண்ணு ஒட்டிக்கும். அப்பறம் வாங்க." யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. டாக்டர் பார்க்கக் கூடாது என்றார் என்று சொல்லியிருந்தால் கோபித்திருப்பார்கள். கண் படும் என்றதும் "அதுவும் சரிதான்" என்று பாட்டிலைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். ஆறாம் நாள் தலையணையைவிட்டுத் தலையைத் தூக்கினேன்.

ஆனால் கண் என்று ஒன்று பட்டால் அது யாருடையது என்ற கேள்வி வந்துவிடும். சித்திக்குப் பதில் தெரியும். முதல் ஆளாக வந்தது யார்? நல்லாத்தானே கீற என்று வாய்விட்டுச் சொன்னது யார்? சித்தி அதை வாசலில் நின்றே யாரிடமோ சொல்லியிருக்கிறார். எட்டாம் நாள் மீரா உள்ளே வந்து, "அம்மா, எதிர்வீட்டு ஆன்ட்டி கதவச் சாத்திட்டாங்க. என்னப் பாத்து அழுதாங்க. ஏன்?" என்றாள்.

எனக்கு வெட்கமாகிவிட்டது. பொய்யான ஒரு காரணத்தின் நிழலில் சுகமாகப் படுத்திருந்தேன். வெயில் முழுக்க அம்சாக்கா மேல் அடித்திருக்கிறது. மீராவை அனுப்பி அவரைக் கையைப் பிடித்து அழைத்துவரச் சொன்னேன். சித்தியையும் கூப்பிட்டேன். அன்றைய தெம்பை மொத்தமாக இதற்கு வைத்துக்கொண்டேன்.

"சித்தி, கண்ணு பட்டது நெசம்னே வெச்சிக்கோ. முப்பத்திரண்டு பேர் பாத்தாங்க. அதுல இந்த ஒரு ஜோடிக் கண்ண மட்டும் நீ எப்டி புடிச்ச?"

சித்தி முந்தானையைச் சரிசெய்தார்.

"யார் கண்ணும் இல்ல சித்தி, என் வாய்தான். அன்னிக்கி காலையிலிருந்து நான்தான் மூடாம பேசிகினு இருந்தேன். பேசினா விழுவேன். இதுதான் என் நோவு."

"அப்ப உன் வாய்க்குத்தான் சுத்திப் போடணும்" என்றார் சித்தி. அம்சாக்கா சிரித்துவிட்டார், கண்ணில் தண்ணீரோடு. சித்தி அவர் தோளில் கை வைத்து, "மனசுல வெச்சிக்காத அம்சா, கல்யாண பேஜார்ல உளறிட்டேன்" என்றார். மன்னிப்புக் கேட்கும் வழக்கமே இல்லாத சித்தி அதற்கு மேல் என்ன சொல்வார்.

அம்சாக்கா போகவில்லை. கட்டிலருகே தரையில் உட்கார்ந்தார். "எங்க, கையத் தூக்கு பாக்கலாம்" என்றார். தூக்கினேன். பத்து எண்ணுவதற்குள் நடுங்கி இறங்கியது. அவர் என் முழங்கைக்கடியில் உள்ளங்கையைக் கொடுத்துத் தாங்கினார். இருபது, முப்பது, நாற்பது என்று எண்ணிக்கொண்டே போனார். கை நடுங்கவில்லை.

"ரெண்டாயிரம் இழ இணைக்கணும்னா கைய அந்தரத்துல வெச்சிகினா செய்வோம்? முட்டு கொடுக்கணும். ஒனக்கு மறந்து பூடுச்சி."

6

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரைக்கு முகூர்த்தம். முந்தின நாள் வரவேற்புக்கு நான் போகவில்லை. குளியலைக்கூட வெள்ளிக்கிழமையே முடித்துவிட்டேன். கல்யாணத்துக்குக் குளிக்காமல் வந்த நாத்தனார் என்று சித்தி முணுமுணுத்தார். மீரா எனக்குச் சேலை கட்டிவிட்டாள். போனில் வீடியோ பார்த்துப் பார்த்துக் கட்டினாள், பாதி மடிப்பு தலைகீழ். சேகர் டிசைன் போட்ட அரக்குப் பட்டு, அதில் எத்தனை மடிப்பு தலைகீழ் என்று யார் பார்க்கப் போகிறார்கள்.

மண்டபத்தின் பின்வாசல் வழியாகக் கடைசி நிமிடத்தில் கூட்டிப்போனார்கள். காதில் பஞ்சு, கண்ணில் கறுப்புக் கண்ணாடி. சினிமாக்காரி வந்துவிட்டாள் என்று யாரோ சொன்னது பஞ்சையும் மீறிக் கேட்டது. மேடைக்கு எட்டுப் படி. சேகரின் நண்பர்கள் இரண்டு பேர் என்னைப் பிளாஸ்டிக் நாற்காலியோடு தூக்கி மேலே வைத்தார்கள். சாமி புறப்பாடு போலத்தான் இருந்தது.

மேளம் கொட்டும்போது மீரா பின்னாலிருந்து என் இரண்டு காதையும் பஞ்சுக்கு மேல் கையால் பொத்தினாள். ஊரே பார்க்கும் மேடையில், நான்கடி தள்ளி இல்லாமல், என் முதுகோடு ஒட்டி நின்றாள். சேகர் முதல் முடிச்சைப் போட்டுவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தான். எழுந்தேன். அம்சாக்கா என்னை ஒட்டி நின்று இரண்டு முழங்கைக்கும் முட்டுக் கொடுத்தார். செல்வி தலையைக் குனிந்து பின்னலை ஒதுக்கிக்கொண்டு, "மெதுவா போடுங்கண்ணி, எனக்கு ஒண்ணும் அவசரமில்ல" என்றாள்.

மஞ்சள் கயிறு ஈரமாக இருந்தது. ஒன்று போட்டேன். இன்னொன்று போட்டேன். என் விரல்கள் ஒரு பிசகும் செய்யவில்லை. சந்தோஷம் அடிவயிற்றிலிருந்து ஏறி வந்தது. இது விலை கேட்கும் என்று தெரிந்தது. கேட்கட்டும் என்று முழுசாகச் சந்தோஷப்பட்டேன். படம் எடுக்கிறவர் நன்றாகப் பிடித்திருக்கிறார். அந்தப் படத்தில் நான் முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரிக்கிறேன்.

7

செவ்வாய்க்கிழமை விழுந்தேன். எதிர்பார்த்த விருந்தாளிதான். ஊரிலேயே பத்தொன்பது நாள் கிடந்தேன், திரும்பும் பயணத்தைத் தள்ளிப்போட்டோம். புதுப் பெண் செல்வி விளக்கைப் போடாமலே வந்து கஞ்சி வைத்துவிட்டுப் போவாள். சித்தி வாசலில் நின்று யாரிடமோ, "கண்ணெல்லாம் இல்ல. அவ நோவே அப்டித்தான். இன்னிக்கி செஞ்சா நாளன்னிக்கி விழுவா" என்று சொன்னது கேட்டது. அந்த ஒரு வாக்கியத்துக்காக இன்னொரு பத்தொன்பது நாள்கூடப் படுக்கலாம்.

விண்ணப்பத்துக்கு வருகிறேன். முடிச்சுப் போட முடியுமா என்ற கேள்விக்கு எதில் குறியிடுவது? 'ஆம்' என்றால் அலுவலகம் என்னைக் குணமானவள் என்று எழுதிவிடும். 'இல்லை' என்றால் அந்த இரண்டு முடிச்சும் பொய்யாகிவிடும். பேனாவோடு உட்கார்ந்திருந்தேன். மீரா வாங்கிப் பார்த்தாள். கடைசிப் பக்கத்தில் 'வேறு ஏதாவது சொல்ல விரும்பினால்' என்று ஒரு வெற்றிடம் உண்டு. மூன்று வருடமாக அதை நான் வெறுமையாகத்தான் அனுப்பியிருக்கிறேன்.

மீரா மாடிக்குப் போய் இரண்டு படங்களை அச்செடுத்து வந்தாள். ஒன்று மேடைப் படம். மற்றொன்று நான் இதுவரை பார்க்காதது. இருட்டறை, கண்மேல் ஈரத் துண்டு, வாய் லேசாகத் திறந்து கிடக்கிறேன். போர்வைக்கு வெளியே ஒரு கை. அதில் இரண்டு விரல் நுனியில் கயிற்று மஞ்சள் இன்னும் போகவில்லை.

"இதை எப்போ எடுத்த?"

"அந்த செவ்வாக்கிழமை. நான் அங்கதான் இருந்தேன். தினமும் இருந்தேன்" என்றாள் தமிழில்.

இரண்டையும் பக்கம் பக்கமாக ஒட்டினாள். முதல் படத்தின் கீழே ஞாயிறு என்றும் மற்றதன் கீழே செவ்வாய் என்றும் இங்கிலீஷில் எழுதினாள். பேனாவை மூடப் போனவள் மறுபடி திறந்து, இரண்டுக்கும் அடியில் நீளமாக ஒரு கோடு இழுத்து, 'இரண்டும் என் அம்மாதான்' என்று எழுதினாள்.

முடிச்சுக் கேள்விக்கு இரண்டு கட்டத்திலும் குறி போட்டுத் தபாலில் சேர்த்துவிட்டேன்.